கைக்குழந்தையோடு கிளம்புகிறீர்களா? பையில் இத்தனை அதிசயம் இருப்பது தெரியுமா?

செனாவாங் நிலையத்தில் கொம்யூட்டர் ரயில் ஏறினால், வண்டி மாறாமலேயே பத்துமலை வாசலில் போய் இறங்கலாம், தெரியுமா? பத்துமலை – புலாவ் செபாங் தடத்தில் நம் செனாவாங்கும் ஒரு நிறுத்தம்! 2010 முதல் கொம்யூட்டரில் பெண்களுக்கென்றே தனிப் பெட்டியும் உண்டு. பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போக இதைவிட வசதி வேறு எது?

சரி, இறங்கியாயிற்று. எதிரே 272 படி! பக்கத்தில் 42.7 மீட்டர் உயர முருகன்! கடையில் ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஸ்ட்ராலர் இந்தப் படியில் ஓர் அடிகூட உருளாது. ஆனால் தைப்பூசத்தன்று எத்தனை கைக்குழந்தைகள் படுத்தபடியே இந்தப் படி முழுவதும் ஏறுகின்றன தெரியுமா? எதில்? கரும்புத் தொட்டிலில்!

தோகை கழிக்காத நீளக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். நடுவில் மஞ்சள் புடவையை ஏணையாகத் தொங்கவிட்டு முடிச்சுப் போடுகிறார்கள். முன்னால் ஒருவர் தோளில் ஒரு முனை, பின்னால் ஒருவர் தோளில் மறுமுனை. உள்ளே பிள்ளை! வெறுங்கால், மேளம், கூட்டம், குரங்கு எல்லாம் சுற்றி இருக்க, அது பாட்டுக்குத் தூங்குகிறது! சக்கரம் இல்லை, பேட்டரி இல்லை, உதிரிபாகம் இல்லை. நேர்த்திக்கடன் முடிந்ததும் புடவையை மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். உலகத்திலேயே மடிக்க எளிதான குழந்தைச் சாமான் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்!

புடவையின் மகிமை அதோடு முடிந்ததா? இல்லை!

1960களில் ஆன் மூர் என்ற அமெரிக்கப் பெண் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக்குச் சேவை செய்யப் போனார். அங்கே தாய்மார்கள் துணியால் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதைப் பார்த்தார். ஊர் திரும்பி அதேபோல் ஒரு பையைத் தைத்து 1969-இல் காப்புரிமையும் வாங்கினார். அதுதான் ‘ஸ்னக்லி’! இன்று பேரங்காடியில் தொங்கும் பேபி கேரியருக்கெல்லாம் அதுதான் முன்னோடி. கைலியிலும் சேலையிலும் பிள்ளையைக் கட்டிய நம் தோட்டத்துப் பாட்டிமார் யாரும் காப்புரிமை கேட்டதில்லை!

அணைத்துக்கொள்வதே வைத்தியமானது தெரியுமா? 1978, கொலம்பியாவின் பொகோட்டா நகரம். குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்குபேட்டர் போதவில்லை. டாக்டர் எட்கார் ரே என்ன செய்தார்? பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்! இன்று உலக சுகாதார நிறுவனமே அந்த முறையைப் பரிந்துரைக்கிறது.

ஆனால் துணியை எப்படிக் கட்டுகிறோம் என்பது முக்கியம். கால் இரண்டையும் நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு விலகலாம், தெரியுமா? ஜப்பானில் 1970களில் நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்து அந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். 1 சதவீதத்துக்கும் மேல் இருந்த இடுப்பு விலகல் சுமார் 0.2 சதவீதமாக இறங்கியது! தவளைபோல் கால் மடங்கி அகன்று இருக்கட்டும். இன்னொன்று: தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பால் புட்டியின் ரப்பர் காம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் நம் கதை இருக்கிறது! 1845-இல் நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் என்பவர் ரப்பர் காம்புக்கு முதல் காப்புரிமை வாங்கினார். 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அள்ளிக்கொண்டு வந்தார். முளைத்ததில் 22 செடிகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இருபத்திரண்டே இருபத்திரண்டு! அதற்குப் பிறகு நெகிரி செம்பிலான் முழுக்கப் பால்மரக் காடு. விடிவதற்கு முன்னே பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓடிய தாய்மார்கள் தங்கள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் ஏணையில் போட்டுவிட்டு, உலகத்துப் பிள்ளைகளின் புட்டிக் காம்புக்குப் பால் எடுத்தார்கள்! இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் சிலிக்கோன் காம்புகள்தாம். ஆனாலும் இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்தப் புட்டியில் என்ன ஊற்றினார்கள் தெரியுமா? பல வீடுகளில் டின்பால்! இனிப்புக் கெட்டிப்பால்! பச்சைப் பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் எழுந்து பேசினார். தலைப்பு என்ன? ‘பாலும் கொலையும்’! இந்தப் பாலை நல்லதென்று விளம்பரம் செய்து குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்குச் சமம் என்று கம்பெனிக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். எவ்வளவு துணிச்சல்! தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் உணவுகளின் விளம்பரத்துக்கு உலக அளவில் நெறிமுறை வந்தது 1981-இல்தான். 42 வருடம் கழித்து!

அதனால் பயணப் பையில் முதல் மிச்சம் இங்கேதான். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம்! பிழிந்து எடுத்த பால் அறைச் சூட்டில் 4 மணி நேரம் தாங்கும். ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் தாங்கும். குளிர்பெட்டியில் 4 நாள்! பவுடர் பால் என்றால் கணக்கு வேறு: தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கலக்கியதை ஆறவைத்து 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே ஃபிளாஸ்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இப்போது கார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பிறந்த பிள்ளையின் தலை அதன் நீளத்தில் எத்தனை பங்கு தெரியுமா? கால் பங்கு! நமக்கோ எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையை இன்னும் இறுகாத பிஞ்சுக் கழுத்து தாங்குகிறது. கார் திடீரென்று முட்டினால் அந்தக் கழுத்து என்ன ஆகும்? 1964-இல் சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற டாக்டர் இதற்கு வழி கண்டார். எதைப் பார்த்து? விண்வெளி வீரர்களைப் பார்த்து! ராக்கெட் கிளம்பும்போது அவர்கள் மல்லாந்து படுத்திருப்பார்கள். அழுத்தம் முதுகு முழுக்கப் பரவும். பிள்ளையையும் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தால் அதே பாதுகாப்பு! ஜெமினி விண்கலத்தின் இருக்கையிலிருந்து பிறந்ததுதான் பின்நோக்கிய கார் சீட்.

சரியாகப் பூட்டிய கார் சீட், விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இறக்கும் ஆபத்தை 71 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்கக் கணக்கு. எழுபத்தொன்று! மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். ஆர்44 அல்லது ஆர்129 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்129 விதிப்படி 15 மாதம் வரை பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும்!

‘இதோ இருக்கிற சிரம்பானுக்குத்தானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்’ என்று பாட்டி சொல்வார். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் நொடியில், 4 கிலோப் பிள்ளை நூறு கிலோவுக்கு மேல் கனத்து முன்னால் பாயும்! எந்தப் பாட்டியின் கை பிடிக்கும்? முன் சீட்டும் வேண்டாம். ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும், தெரியுமா? பின் சீட்டுத்தான் பிள்ளையின் இடம்.

இன்னொரு கணக்கு: பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். அதற்காகக் கார் சீட்டிலேயே தூங்கவிடலாமா? ஒரே மூச்சில் 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பச்சைப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவுதான் நல்லது. ஜொகூர், பினாங்கு என்று நெடுந்தூரம் போனால் நெடுஞ்சாலை ஆர் அண்ட் ஆரில் நிறுத்தி, தூக்கி, பால் கொடுத்து, நெட்டி முறிக்கவிடுங்கள்.

நிறுத்திய காரில் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட இறங்காதீர்கள்! மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சூடு சுமார் 22 டிகிரி ஏறும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே!

வெயில் படாமல் இருக்க ஸ்ட்ராலர்மேல் துணி போடுகிறவர்களா நீங்கள்? சுவீடனில் ஒரு பத்திரிகை 2014-இல் சோதித்துப் பார்த்தது. துணி இல்லாதபோது உள்ளே 22 டிகிரி. மெல்லிய துணி போட்டதும் அரை மணியில் 34! ஒரு மணியில் 37! அது சுவீடன் வெயில். செனாவாங் உச்சி வெயிலில் என்ன ஆகும்? குடை மாட்டுங்கள், காற்றை மறைக்காதீர்கள்.

ஸ்ட்ராலரின் கதை தெரியுமா? 1733-இல் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் செய்த வண்டியை இழுத்தது ஆடு! 1965-இல் ஓவன் மக்லாரன் தன் பேத்திக்காகக் குடைபோல மடங்கும் வண்டியை உருவாக்கினார். அவர் யார்? ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கரத் தாங்கியில் கை வைத்த பொறியாளர்! அவர் செய்த வண்டி சுமார் 2.7 கிலோதான் எடை. போர்விமானத்துக்குக் கற்ற வித்தை பேத்தியின் வண்டிக்கு உதவியது!

பேம்பர்ஸ் எத்தனை எடுப்பது? பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 வரை போகும்! மூன்று நாள் பயணத்துக்கு 36 வைத்துக்கொண்டு, மேலே ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மணல்போன்ற தூள் தன் எடையைப்போல் 300 மடங்கு வரை சுத்தத் தண்ணீரைக் குடிக்கும், தெரியுமா? விண்வெளியில் நடக்கும் வீரர்கள் போடும் உள்ளாடையிலும் அதே சரக்குத்தான்! இதற்கெல்லாம் முன்னால், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மரியன் டோனவன் என்ற தாய் குளியலறைத் திரையை வெட்டி, ஈரம் கசியாத உறை தைத்தார். உற்பத்தியாளர்கள் யாரும் சீண்டவில்லை. தானே தயாரித்து 1949-இல் கடைக்குக் கொண்டுவந்தார், 1951-இல் உரிமையை 10 லட்சம் டாலருக்கு விற்றார்!

குட்டித் தலையணையும் பொல்ஸ்டரும் பையில் இருக்கிறதா? எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்! ஒரு வயது வரை தலையணையே கூடாது. தட்டையான இடம், மல்லாந்த தூக்கம், அவ்வளவுதான். பின்லாந்தில் 1938 முதல் அரசாங்கமே தாய்மார்களுக்கு ஒரு அட்டைப் பெட்டி நிறையச் சாமான் கொடுக்கிறது. சாமானை எடுத்தபின் அந்தப் பெட்டியே படுக்கை!

டெங்கி பயமா? இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்குக் கொசு மருந்து பூசக் கூடாது. கொசுவலை ஒன்றுதான் கவசம். சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடும்!

கிரைப் வாட்டர் புட்டி 1851-ஆம் வருடத்துச் சரக்கு, தெரியுமா? உட்வர்ட் அதை இங்கிலாந்தில் தயாரித்தபோது உள்ளே சாராயமும் இருந்தது! இப்போது இல்லை. ஆனாலும் பிறந்த பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் ஊற்ற வேண்டாம்.

விமானமா? பிறந்து 48 மணி நேரத்துக்குள் பறக்கக் கூடாது. ஒரு வாரம் பொறுப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் முப்பது நாள் கழித்துத்தான் பிள்ளையை வெளியே எடுப்பார்கள். அந்தக் கணக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள், காது அடைக்காது. தமிழ்நாட்டுக்கோ வேறு நாட்டுக்கோ போக வேண்டுமென்றால் பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு முதலில் பிறப்புப் பதிவு; தீபகற்பத்தில் 60 நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது மட்டும் மனசில் பதியட்டும். பாட்டியின் இரும்புப் பெட்டியில் வருடக்கணக்காக மடித்து வைத்த ஏணைச் சேலை, அப்பா போட்ட குட்டிச் சட்டை! நடுவில் வெள்ளை வெள்ளையாக அந்துருண்டை. அந்த வாசனை சில பிள்ளைகளின் ரத்த அணுக்களையே உடைத்துவிடும், தெரியுமா? ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டையின் நாப்தலின் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். அது மூளைவரை பாதிக்கலாம்! அதனால்தான் மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் முடிவு கிளினிக் புத்தகத்தில் எழுதியிருக்கும், இப்போதே புரட்டிப் பாருங்கள்! குறைபாடு இருந்தால் போகிற வீட்டு அலமாரியில் அந்துருண்டை இருக்கிறதா என்று முன்னாலேயே போன் போட்டுக் கேளுங்கள். அந்தப் பெட்டித் துணியை எடுத்துப்போகவே வேண்டாம். புதுப் பருத்திச் சட்டை நாலு வாங்கி, அலசிக் காயவைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்!