வீட்டிலேயே துணிகளுக்குச் சாயமிடுதல்

பாலக்காட்டிற்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்துள்ள ஊர் எலப்புள்ளி. கோடை விடுமுறையில் அங்குள்ள அத்தை வீட்டிற்குச் சென்றிருந்தேன். வெயிலில் வெளுத்த சன்னல் திரைகள், படுக்கை விரிப்புகள், பழைய நூற்புடவைகள் ஆகியவற்றை அத்தை கூடத்தில் குவித்து வைத்திருந்தார். “தம்பி, இவற்றைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டுச் சாயம் ஏற்ற முடியாதா?” என்று வினவினார்.

முடியும் என்று உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேலை நிமித்தமாக வெளிமாநிலத்தில் குடியிருந்தபோது, என் தாயாரின் பழைய புடவை ஒன்றுக்கு நான் நீலச் சாயம் ஏற்ற முற்பட்டேன். அது நூற்புடவை என்றே எண்ணியிருந்தேன். பாலியெஸ்டர் கலந்த புடவை என்பது, அது சாம்பல் பூத்தாற்போல் வெளிவந்த பிறகே தெரிந்தது. தாய் உடுத்திய புடவைக்கு மாற்றுப் புடவை கடையில் கிடையாது. ஆகவே, நேயர்கள் அத்தவற்றைச் செய்யாதிருக்கும் பொருட்டு, இக்கலையின் அடிப்படையை இங்கே விளக்க விழைகிறேன்.

சாயமிடுதல் என்பது சுவருக்கு வண்ணம் பூசுவது போன்றதன்று. சாயம் இழையோடு உறவு கொள்ள வேண்டும். பண்டைக் காலத்தில் நம்மவர் அவுரியிலிருந்து நீலமும் சாயவேரிலிருந்து சிவப்பும் எடுத்தனர். வேர்ச்சாயம் இழையைப் பற்றிக்கொள்ளப் படிகாரம் துணை நின்றது. 1856ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1956இல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்ளும் சாயங்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. ‘ரியாக்டிவ்’ சாயம் என வழங்கும் இவ்வகையில், வெதுவெதுப்பான நீரிலேயே வேலை செய்யும் சாயங்களும் உண்டு. வீட்டிற்கு ஏற்றவை அவையே.

முதலில் துணியின் இனம் அறிதல் வேண்டும். ஓரத்திலிருந்து ஓரிழையைப் பிரித்து, இடுக்கியால் பற்றி, தீயில் காட்டுக. காகிதம் எரியும் மணத்தோடு மென்மையான சாம்பல் எஞ்சினால் பருத்தி. முடி கருகும் நாற்றம் எழுந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. பருத்திச் சாயம் பாலியெஸ்டரைப் பற்றாது. பருத்திச் சட்டையைக்கூடப் பாலியெஸ்டர் நூலால் தைத்திருந்தால், தையல் மட்டும் பழைய நிறத்திலேயே பல்லிளிக்கும். கசவுக் கரையுள்ள வேட்டியையும் இத்தொட்டியில் இடலாகாது, கரை மங்கக்கூடும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. சாயம் பழைய நிறத்தை மறைப்பதில்லை, அதனோடு கலக்கிறது. மஞ்சள் திரைக்கு நீலம் இட்டால் கிடைப்பது பச்சையே. கறையும் கறையாகவே நிற்கும்.

இனிச் செய்முறையைக் காண்போம். நீரை வேண்டிய நேரம் தேக்கி வைக்கலாமாதலின், இரு தொட்டிகள் கொண்ட சலவை இயந்திரம் இதற்கு மிகவும் வசதியானது. உலர்ந்த துணியை நிறுத்துக்கொள்க. 1 கிலோ துணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் வெதுவெதுப்பான நீர், 20 முதல் 40 கிராம் சாயம், 800 கிராம் உப்பு, 200 கிராம் சலவைச் சோடா எனக் கொள்ளலாம். சாய உறையில் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுக. சாயத்தூள் மூச்சில் கலத்தல் தீது. ஆதலால் முகக்கவசமும் கையுறையும் அணிந்து கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுக. சமையற் பாத்திரங்களைத் தொடவே வேண்டா.

துவைத்து ஈரமாயிருக்கும் துணியை இட்டு, உப்பும் சாயமும் கரைந்த நீரில் 20 நிமிடம் சுழல விடுக. உப்பு சாயத்தை இழையின்பால் செலுத்துகிறது. பின்னர், தனியே கரைத்த சோடா நீரைத் துணியின் மீது நேரே படாதவாறு சேர்க்க வேண்டும். பிணைப்பை உண்டாக்குவது இச்சோடாவே. ஒரு மணி நேரம் இடையிடையே சுழற்றிய பின், முதலில் குளிர்ந்த நீரிலும், அடுத்துச் சூடான சோப்பு நீரிலும், நீர் தெளியும்வரை அலச வேண்டும். இறுதியாக இயந்திரத்தை வெறுமனே ஒருமுறை சோப்பு நீரால் ஓட்டிக் கழுவுக. இல்லையேல் மறுநாள் பள்ளிச் சீருடை நீலம் பாரித்துவிடும்.

இவ்வளவும் கேட்ட அத்தை, “மிச்சத் தண்ணீரை எங்கே கொட்டுவது?” என்றார். அதுவே தலையாய வினா. இழையோடு உறவு கொள்ளாத சாயமும், இட்ட உப்பு அனைத்தும் நீரோடு போகின்றன. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலாற்றைப் பாழ்படுத்தியதும், கழிவுநீரை அறவே வெளிவிடாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் நாம் அறிந்தவை. எலப்புள்ளியிலோ நீர் அருமையான பொருள். 2025இல் அங்கு மதுபான ஆலைத் திட்டம் எழுந்தபோது, மக்கள் எழுப்பிய முதன்மையான கேள்வி நிலத்தடி நீரைப் பற்றியதே. ஒரு வீட்டின் 20 லிட்டர் சிறிது எனலாம். ஆயினும் நம் கிணற்றுக்கு அது சிறிதன்று.

அத்தை வழி கண்டார். குவியலில் உழைக்கக்கூடிய பருத்தித் துணிகளை மட்டும் பொறுக்கி, ஒரே நிறமாக, ஒரே முறையில் சாயமேற்றச் செய்தார். மற்றவை தரை துடைக்கும் துணிகளாயின. முதல் நீரை அகன்ற பழைய சிமிண்டுத் தொட்டியில் ஊற்றி, உப்பளம்போல் வெயிலில் வற்றவிட்டார். எஞ்சிய உப்பைத் திரட்டிக் குப்பையில் சேர்த்தார். கழிவுநீர்க் குழாய் உள்ள நகரங்களில் வாழும் நேயர்கள் அதில் விடலாம். கிணற்றடி, தோட்டம், வாய்க்கால் ஆகியவற்றில் ஊற்றுதல் கூடாது.

இன்று அவ்வீட்டுச் சன்னல்களில் கருநீலத் திரைகள் தொங்குகின்றன. என் தாயாரின் புடவை சாம்பல் நிறத்துடனேயே என் பெட்டியில் இருக்கிறது. ஓரிழையைத் தீயில் காட்ட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நேயர்கள் ஒதுக்குவார்களாக.