தருவானும் தருவானாகவும்

"மழை வருகிறது" என்பது செய்தி. "மழை வரட்டும்" என்பது விருப்பம். மிளகும் கராம்பும் வளரும் எங்கள் யட்டவத்தப் பகுதியில் இரண்டாவது வாக்கியத்தையும் வருடத்தில் பல நாட்கள் கேட்கலாம். நடப்பதைச் சொல்லும்போது ஒரு வடிவத்திலும், நடக்க வேண்டும் என்று வேண்டும்போது வேறொரு வடிவத்திலும் வினைச்சொல் நிற்கிறது. வேண்டும்போது வரும் வடிவத்தைத் தமிழிலக்கணம் வியங்கோள் வினைமுற்று என்கிறது. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் அது வரும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் வழியே க, இய, இயர் ஆகியவற்றை அதன் விகுதிகளாகப் படிக்கிறோம். வாழ்க, வாழிய, வாழியர் என்பன உதாரணங்கள்.

விகுதியைச் சேர்ப்பது இலேசு. சில வினைகளில் பகுதிதான் நம்மைத் திணற வைக்கிறது. 'எழுது' என்ற பகுதி எழுதினான், எழுதுகிறான், எழுதுக என எங்கு சென்றாலும் மாறுவதில்லை. 'வா' அப்படியல்ல. வந்தான் என்னும்போது 'வ' எனக் குறுகுகிறது. வருகிறான் என்னும்போது 'வரு' எனத் திரிகிறது. வாராது என்னும்போது நெடில் மீண்டும் தலைகாட்டுகிறது. வியங்கோளில் 'வாக' என்று சொல்வதில்லை, 'வருக' என்கிறோம். 'தா' என்பதும் இதே வழியில் தந்தான், தருகிறான், தாராது, தருக என நடக்கிறது. பகுபத உறுப்பிலக்கணம் எழுதும்போது "'வரு' எனத் திரிந்தது விகாரம்" என்று நாம் குறிப்பது இதைத்தான்.

எந்த வினைக்கு எந்த வடிவம் என்று மனனம் செய்யத் தேவையில்லை. நான் பயன்படுத்தும் வழி இது: வினையை முதலில் எதிர்காலத்தில் சொல்லிப் பாருங்கள். முடிவிலுள்ள 'வான்' அல்லது 'பான்' என்பதை நீக்கிவிட்டு 'க' சேருங்கள். வருவான், வருக. செல்வான், செல்க. காண்பான், காண்க. நிற்பான், நிற்க. கேட்பான், கேட்க. படிப்பான் போன்றவற்றில் மிஞ்சும் 'ப்' என்பது 'க்' ஆகிப் 'படிக்க' என வரும். திருக்குறளில் கல்வி அதிகாரத்தின் முதற் குறளிலே வரும் 'கற்க', 'நிற்க' என்ற இரண்டும் இப்படிப் பிறந்தவைதான். கடிதத்தில் நலம் விசாரித்து முடித்ததும் "நிற்க" என்று எழுதுகிறோமே, அதுவும் வியங்கோளே. இதுவரை சொன்னது அவ்வளவில் நிற்கட்டும், இனி விடயத்துக்கு வருவோம் என்பது அதன் பொருள்.

இந்தத் திரிபு தமிழுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் அயலில் உள்ள சிங்கள உறவுகள் 'ஜயவேவா' என்று வாழ்த்துகிறார்கள். 'வெனவா' என்ற வினையின் குறில் வாழ்த்தும்போது நீண்டு 'வேவா' ஆகிறது. அரபு படிக்கும் மாணவியருக்கு 'கால' என்பது சொன்னான், 'யகூலு' என்பது சொல்கிறான் என்று தெரியும். ஏவும்போது அந்த நெடில் குறுகி 'குல்' ஆகிறது. சிறு வயதிலேயே நாம் மனனம் செய்த நான்கு குல் சூராக்களின் முதற்சொல் அது.

ஸ்பானிய மொழியில் விருப்பத்தைச் சொல்வதற்கென்றே வினைக்குத் தனி வடிவங்கள் உண்டு. 'வொல்வேர்' என்றால் திரும்பி வருதல். அவன் திரும்பி வரட்டும் என்று விரும்பும்போது அது 'வுவெல்வா' ஆகிறது. நாம் என்னும்போது 'வொல்வாமோஸ்' எனப் பழைய உயிரோசைக்கே மீள்கிறது. உச்சரிப்பின் அழுத்தம் பகுதியின் மேல் விழுந்தால் அதன் உயிரோசை விரியும், விகுதிக்கு நகர்ந்தால் விரியாது. இந்த விருப்ப வடிவத்துக்கு முன்னே அவர்கள் அடிக்கடி வைக்கும் சொல் 'ஓஹலா'. அது ஸ்பெயினில் பேசப்பட்ட அரபிலிருந்து வந்த சொல். அல்லாஹ் நாடினால் என்ற பொருளுடைய தொடரே அவர்கள் நாவில் அப்படிச் சுருங்கியது. 711இல் அங்கு தொடங்கிய முஸ்லிம் ஆட்சி 1492இல் முடிந்துபோனது. அந்தச் சொல் முடிந்துபோகவில்லை.

நமது தமிழுக்குத் திரும்புவோம். துஆக்களிலும் மரண அறிவித்தல்களிலும் "தருவானாக", "பொழிவானாக", "ஏற்றுக்கொள்வானாக" என்று கேட்கிறோம். இவற்றின் கடைசியிலுள்ள 'ஆக' என்பதும் மேலே சொன்ன வழியில் 'ஆவான்' என்பதிலிருந்து கிடைப்பதே. தருவான் என்பது அப்படியே ஆகட்டும் என்று கேட்கிறோம். அல்லாஹ்வைக் குறிக்கும்போது 'தருவாராக' என்று நாம் எழுதுவதில்லை. ஆர் விகுதி பலர்பாலுக்கும் உரியது. அவனது ஒருமையைக் காக்க ஆன் விகுதியையே நம்மவர்கள் கையாள்கிறார்கள்.

"அல்லாஹ் சுவர்க்கம் தருவான்", "அல்லாஹ் சுவர்க்கம் தருவானாக" என்ற இரண்டுக்கும் எழுத்திலே வித்தியாசம் கொஞ்சம், பொருளிலே நிறைய. முதலாவது ஒரு தீர்ப்பு. மையித்து வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களுக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பைக் கூற நமக்கு அதிகாரமில்லை. இரண்டாவது ஒரு கையேந்தல். அதைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு.

அரபிலிருந்து மொழிபெயர்க்கும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும். 'ஜஸாகல்லாஹு கைரா' என்பதில் உள்ள வினை அரபு இலக்கணப்படி இறந்தகால வடிவம். "அல்லாஹ் உங்களுக்கு நன்மை தந்தான்" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் துஆ மறைந்து செய்தி ஆகிவிடும். "தருவானாக" என்றால்தான் உள்ளதை உள்ளபடி சொன்னதாகும்.

பரீட்சை எழுதவிருக்கும் எங்களுக்கு இது வீட்டிலும் தெரிகிறது. "உனக்கு எப்படியும் கெம்பஸ் கிடைக்கும்" என்று சாச்சி சொல்லும்போது அவருடைய அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த 'கிடைக்கும்' என்ற சொல் புத்தகப் பையோடு சேர்ந்து என் தோளில் தொங்குகிறது. கிடைக்காவிட்டால் அவருடைய வார்த்தையை நான் பொய்யாக்கியவள் ஆவேனோ என்று தோன்றும். உம்மா "கிடைக்கட்டும் மகள்" என்பார். அந்தச் சொல்லில் பாரமில்லை. படிப்பது என் வேலை, கேட்பது உம்மாவின் வேலை, கொடுப்பது அல்லாஹ்வின் நாட்டம் என்று மூன்றும் அதில் பிரிந்து நிற்கின்றன.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு பற்றிப் பிள்ளையிடம் பேசும்போது 'வரும்' என்பதை 'வரட்டும்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சக மாணவியரே, வினாத்தாளில் 'வருக' என்பதைப் பிரிக்க வந்தால் 'வா' என்ற பகுதியை எழுதி, 'வரு' எனத் திரிந்ததை விகாரமெனக் குறித்து, 'க' என்பதை வியங்கோள் வினைமுற்று விகுதி என எழுதுங்கள். நம் எல்லோருக்கும் நல்ல பெறுபேறு வருக.