ஊர்தோறும் ஒரே வள்ளி

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, தந்தையாரிடமும் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்று, உப்புப் பண்டகசாலையில் சில காலம் கணக்கெழுதியபின், ஏறத்தாழ 24ஆம் வயதில் உத்தியோகத்தை உதறி நாடகக் குழுவில் சேர்ந்தார். தூத்துக்குடி அவருடைய முன்னெழுத்தில் மட்டும் எஞ்சியது.

இரணியன், எமன், சனீசுவரன் முதலிய அச்சமூட்டும் வேடங்களில் புகழ்பெற்ற அவர், பின்னர் நடிப்பை விடுத்து 'வாத்தியார்' ஆனார். நாடகத்தை எழுதி, பாட்டுக்கு மெட்டமைத்து, நடிகர்களைப் பயிற்றுவித்து மேடையேற்றுபவரையே அக்காலக் கம்பெனிகள் அப்பெயரால் அழைத்தன. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் தங்கியிருந்தபோது பெற்ற தாள நுட்பம் அவருடைய சந்தப் பாடல்களில் ஒலிக்கிறது. குழு விட்டுக் குழு, ஊர் விட்டு ஊர் எனப் பெயர்ந்த இவ்வாழ்க்கை, 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்னும் சிறுவர் நாடகக் கம்பெனியாக ஓரளவு நிலைகொண்டது. பின்னாளில் அவ்வை தி. க. சண்முகம் எனப் பெயர்பெற்றவர் அங்கே உருவான மாணவர்.

1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், கற்றோர் குழுவொன்றை நம்பி உரைநடை நாடகம் வளர்த்தார். நிலையான அரங்கமோ குழுவோ வாய்க்காத சுவாமிகளோ, எவரும் எங்கும் நடத்தத்தக்க பிரதியை உருவாக்கினார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' ஆகியவற்றில் பாட்டு மிகுதி, புராணம் மிகுதி என்ற குறை நியாயமானதே. எனினும், அந்தப் பாட்டும் பாத்திரங்களுக்கிடையிலான தர்க்கமுமே நடிகரின் மனத்தில் பிரதியை நிலைநிறுத்தின. அதன் விளைவே 'ஸ்பெஷல் நாடகம்': ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் பிற ஊர்களிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி, கூட்டு ஒத்திகையின்றி அன்றிரவே விடிய விடிய நடிக்கும் முறை. எல்லாருக்கும் பொதுவான பிரதி இல்லையெனில் இது நடவாது. ஆகவே, அவர் எழுதிய நாடகங்களின் எண்ணிக்கையைவிட இந்தப் பொதுமையே அவருடைய பெரும் சாதனை என்று கொள்ள வேண்டும்.

பக்கவாதத்தால் பேச்சிழந்த சுவாமிகள், 1922 நவம்பர் 13 அன்று, அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி அங்குள்ள கருவடிக்குப்பத்தில் உள்ளது.