கைரேகையும் கடவுச்சொல்லும்: உழவர் காக்க வேண்டிய புதிய சாவிகள்

உரக்கடையில் மூட்டை வாங்கக் கைரேகை. ரேஷன் கடையில் கைரேகை. பி.எம். கிசான் தவணைக்கு இ-கேஒய்சி. பயிர்க் காப்பீட்டுக்கு ஆதாரும் வங்கிப் புத்தகமும். இப்போது விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண். முன்பு தனித்தனியாகக் கிடந்த பட்டா, ஆதார், வங்கிக் கணக்கு, செல்போன் எண் ஆகிய நான்கும் இன்று ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. இதனால் உதவித்தொகை நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது, அலைச்சல் குறைகிறது. ஆனால் கயிற்றின் ஒரு முனை தவறான கைக்குப் போனால், மற்றவையும் சேர்ந்தே இழுபடும்.

கணினிப் பாதுகாப்பு நகரத்துக்காரர்களின் கவலை என்று நினைத்தால், 2020இல் நம் மாநிலத்தில் நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பூட்டு உடையவில்லை, சாவி கைமாறியது

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் கிடைக்கும். பயனாளியின் விவரத்தை இணையதளத்தில் ஏற்றி ஒப்புதல் தர, வேளாண் அலுவலகங்களுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கப்பட்டிருந்தன. 2020 ஊரடங்குக் காலத்தில் அந்தக் கடவுச்சொற்கள் சில ஒப்பந்தப் பணியாளர்கள், கணினி மையங்கள், இடைத்தரகர்கள் என்று கைமாறின. நிலமே இல்லாதவர்கள்கூடப் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தவர்களும் அதில் உண்டு.

கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் இது வெளிப்பட்டது. தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேரின் கணக்குகளுக்கு 110 கோடி ரூபாய் போய்விட்டதாக மாநில அரசு அறிவித்தது. சிபிசிஐடி விசாரணை, கைது, பணிநீக்கம் எல்லாம் தொடர்ந்தன. வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பெறப்பட்டது.

இங்கே யாரும் வெளிநாட்டிலிருந்து கணினியை உடைத்து உள்ளே நுழையவில்லை. சாவி கைமாறியது, அவ்வளவுதான். இன்று விவசாயியின் செல்போனைக் குறிவைக்கும் மோசடிகளும் பெரும்பாலும் இதே வகைதான். அதனால் தற்காப்பும் நம் கையிலேயே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் 'கிசான்' செயலி

தவணை வரும் காலத்தில், "உங்கள் பி.எம். கிசான் பணம் நிறுத்தப்பட்டுள்ளது, இந்தச் செயலியை இறக்கி விவரத்தைப் புதுப்பிக்கவும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தும், ஊர்க் குழுவிலும்கூட வரும். ஏனென்றால் அவருடைய போன் முன்பே மோசடிக்காரர் வசம் போயிருக்கலாம். கூடவே இருக்கும் கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடியும். அதைத் தொட்டு நிறுவினால், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நீங்கள் 'சரி' கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓடிபியை நீங்கள் பார்ப்பதற்கு முன் மோசடிக்காரர் பார்த்துவிடுவார். நீங்கள் யாரிடமும் ஓடிபி சொல்லாமலே பணம் போவது இப்படித்தான்.

எந்த அரசுத் துறையும் வாட்ஸ்அப்பில் கோப்பாகச் செயலி அனுப்புவதில்லை. உழவன் செயலியோ, பி.எம். கிசான் செயலியோ, பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். மத்திய, மாநில அரசு இணைய முகவரிகள் பொதுவாக 'கவ் டாட் இன்' என்று முடியும். முடிவைப் பார்த்துப் பழகுங்கள். தவணை பற்றிச் சந்தேகம் வந்தால் 155261 என்ற பி.எம். கிசான் உதவி எண்ணில் கேட்கலாம்.

தவறி நிறுவிவிட்டால் உடனே இணையத்தை நிறுத்தி, போனை 'ஏரோபிளேன்' நிலைக்கு மாற்றுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930க்கும் சொல்லுங்கள். பிறகுதான் செயலியை நீக்குவது, போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைப்பது எல்லாம்.

கைரேகையை மாற்ற முடியாது

கடவுச்சொல் போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். கைரேகை போனால் என்ன செய்வது? 2018இல் ஹைதராபாத்தில் ஒருவர், இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பர் அச்சு செய்து, அவற்றைக் கொண்டு சிம் கார்டுகளை இயக்கிப் பிடிபட்டார். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் போதும், ஓடிபி தேவையில்லை. கிராமத்தில் வீட்டு வாசலிலேயே பணம் எடுக்க உதவும் நல்ல வசதி இது. போலிக் கைரேகை கொண்டவருக்கும் அதுவே வசதி. 2023 முதல் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் கூடுதல் பரிசோதனையைச் சேர்த்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ 'பயோமெட்ரிக் லாக்' வசதியைப் பயன்படுத்தி உங்கள் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். உரம் வாங்கப் போகும்போது சில நிமிடங்களுக்குத் திறந்துகொள்ளலாம். மாதந்தோறும் ரேஷனுக்குக் கைரேகை வைப்பவருக்கு இது சற்றுத் தொல்லைதான். குடும்பத்தில் வேறொருவர் ரேஷன் வாங்குவதாக இருந்தால், கணக்கில் பணம் வைத்திருப்பவர் பூட்டிக்கொள்ளலாம். கைரேகை வைக்கும் இடத்தில், "சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், ஒவ்வொரு முறையும் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள், ரசீது கேளுங்கள்.

களப்பணியாளர்களுக்கு

2020இன் பாடம் விவசாயிகளைவிட நமக்கு நெருக்கமானது. வேலைப்பளு அதிகம், ஆள் குறைவு, இலக்கு நெருக்குகிறது. அப்போதுதான் "என் பாஸ்வேர்டு இதுதான், நீயே ஏற்றிவிடு தம்பி" என்று சொல்லத் தோன்றும். பிறகு அந்தப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் உங்கள் பெயர்தான் நிற்கும். பணியாளர் மாறும்போது அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

முகாம்களில் விவசாயிகளின் ஆதாரைச் சொந்த போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் நிற்க வேண்டும். பயனாளிகள் பட்டியலைப் பகிரும்போது ஆதார் எண், கணக்கு எண் பத்திகளை நீக்கிவிடுங்கள். முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் போதுமான இடத்தில் அதையே கேளுங்கள். வேலை முடிந்த ஜெராக்ஸ் நகல்களைப் பழைய பேப்பருடன் போடாமல் கிழித்து அழியுங்கள்; வடை மடிக்கும் தாளில் ஒருவரின் ஆதார் எண் இருக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னணு வேளாண் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது. விவசாயி அடையாள எண் அதன் ஒரு பகுதி. உங்கள் நிலம், பயிர் பற்றிய விவரம் இனி ஒரே இடத்தில் தெரியும். கடன் விரைவாகக் கிடைக்க அது உதவலாம். அதே விவரம் விதை, உரம், கடன் விற்கும் தனியாருக்கும் மதிப்புள்ள சரக்குதான்.

இதற்காகத்தான் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெற உங்களுக்கு உரிமை உண்டு. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்; தவறான விவரத்தைத் திருத்தச் சொல்லலாம். தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் மானியம், நலத்திட்டம் போன்றவற்றுக்காக அரசு உங்கள் விவரத்தைக் கையாள எல்லா நேரமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை என்று அதே சட்டம் விலக்கும் தருகிறது. விவசாயிக்கு அரசுடன்தான் அதிகத் தொடர்பு என்பதால், இந்த விலக்கு நமக்குப் பெரிய விஷயம். எனவே கேள்வி கேட்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மூன்று கேள்விகளை மனுவாகவே கொடுங்கள். எங்கள் விவரத்தை யார் யார் பார்க்கிறார்கள்? தனியாருக்குத் தருவதானால் எங்களிடம் கேட்பீர்களா? தவறாக யாராவது பயன்படுத்தினால் யாரிடம் முறையிடுவது?

பணம் போய்விட்டால்

* உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

* வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது.

* வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உங்களுக்கு வந்த செய்தி அடுத்த வீட்டுக்காரருக்கும் வரப்போகிறது. பூச்சி விழுந்த வயலைப் பற்றி ஊருக்குச் சொல்வதுபோல இதையும் சொல்லுங்கள்.