வீட்டுப் பட்டறை – 6: உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்

வெல்டிங் மெஷின், ஹெல்மெட், தோல் கையுறை எல்லாம் சென்ற வாரமே வாங்கியாகிவிட்டது. இனி பழக வேண்டும். வாசல் கேட்டில் உடனே கை வைக்க வேண்டாம். பழைய இரும்புக் கடையில் 5 மி.மீ. பட்டைத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும், அவை போதும். துருவும் பெயின்டும் போகக் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, அந்தப் பளிச்சென்ற இடத்திலேயே எர்த் கிளாம்ப்பை மாட்டுங்கள். ராடு பற்றாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

ராடு, 6013. இதில் 60 என்பது பற்றவைத்த இரும்பு தாங்கும் இழுவிசை: சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்து வரும் 1, படுக்கையாகவோ செங்குத்தாகவோ எந்த நிலையிலும் ஓட்டலாம் என்பதற்கு. 2.5 மி.மீ. ராடுக்கு 80 ஆம்பியரில் தொடங்குங்கள்.

புதியவர்களின் கண் ஆர்க் வெளிச்சத்திலேயே நின்றுவிடுகிறது. பார்க்க வேண்டியது அதற்குச் சற்றுப் பின்னால், உருகி மினுங்கும் இரும்புக் குழம்பை. அது இரண்டு துண்டுகளிலும் பரவிப் பிடித்த பிறகே கை நகர வேண்டும். ராடு எரிய எரியக் குறைந்துகொண்டே வரும். அதற்கு ஈடாகக் கையும் இறங்காவிட்டால் இடைவெளி கூடி, பொறி நாலாபக்கமும் தெறிக்கும். ராடின் கம்பி எவ்வளவு கனமோ அவ்வளவு இடைவெளிதான் கணக்கு. அது சரியாக இருக்கும்போது எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். ராடின் மேல்முனையைப் போகிற திசைக்கு 10 முதல் 20 டிகிரி சாய்த்து, இழுத்துக்கொண்டே போங்கள். நிமிர்ந்துவிட்டால் ஸ்லாக் எனும் கசடு முன்னால் ஓடி, இரும்புக்கு அடியில் சிக்கிக்கொள்ளும்.

ஸ்லாக்கைத் தட்டியதும் அலை அலையாக அழகான வரி தெரியும். அதை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான் இந்த வாரம் நான் அழுத்திச் சொல்வது. ஒரு துண்டின்மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். நன்றாக ஆறியதும் அடித்துண்டை வைஸில் இறுக்கி, பற்றவைக்காத பக்கத்திலிருந்து சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். நின்ற துண்டு பற்றவைப்பின்மேலேயே மடிய வேண்டும். உடையாமல் மடிந்தால் நல்ல வேலை. பற்றவைப்பின் நடுவே கிழிந்து, உடைந்த இடம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் உருக்கம் பிடித்திருக்கிறது. அடுத்த முறை வரியைக் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள். மூலையில் பட்டையின் பழைய விளிம்பு உருகாமல் அப்படியே கத்தரித்த மாதிரி தெரிந்தால், இரும்பு மேலே வழிந்து உட்கார்ந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. ஆம்பியரை ஐந்து ஐந்தாகக் கூட்டி, இடைவெளியைக் குறைத்து, மறுபடியும் அதே துண்டு, அதே சோதனை.

வரிசையாகச் சில துண்டுகள் இந்த அடியைத் தாங்கியதும் செடித்தொட்டி ஸ்டாண்டில் தொடங்கலாம். ஏணி, ஊஞ்சல், மாடிக் கைப்பிடி போன்ற ஆள் பாரம் தாங்கும் எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

(தொடரும்)