பரிசு எதற்கு, யாருக்கு?

தொடக்கப் பள்ளி வகுப்பறையில் ஒழுங்கைக் காக்க ஓர் ஆசிரியர் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், அது சுவரில் ஒட்டிய நட்சத்திர அட்டவணையாக இருந்தாலும் கைப்பேசிச் செயலியாக இருந்தாலும், எந்த நடத்தைக்குப் பரிசு, அது தனி மாணவருக்கா குழுவுக்கா என்னும் இரு கேள்விகளுக்கான விடை அந்தத் தேர்விலேயே அடங்கிவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் நிற அட்டவணையில், ஒவ்வொரு குழந்தையின் பெயரும் எழுதிய கிளிப், நன்னடத்தைக்கு மேலேயும் குறும்புக்குக் கீழேயும் எல்லோர் கண்ணெதிரில் நகர்த்தப்படுகிறது. பரிசு முறை என்று பெயர் பெற்றிருந்தாலும், நாள்தோறும் கீழ் நிறத்திலேயே நிற்கும் நான்கைந்து குழந்தைகளுக்கு அது பகிரங்கத் தண்டனை முறைதான்.

இத்தகைய முறைகள் அனைத்துக்கும் அடிப்படை, உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விளக்கிய வலுவூட்டல் என்னும் கருத்தாகும். ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவு அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுமானால், அந்த விளைவே வலுவூட்டி எனப்படும். கொடுப்பவரின் நோக்கம் இங்கே கணக்கில் வருவதில்லை. ஆகவே, எழுந்து திரியும் மாணவனை ஆசிரியர் அதட்டும்போது, அந்த அதட்டலோடு சேர்ந்து கிடைக்கும் கவனமே அவனுக்கு வலுவூட்டியாகி, அவன் மேலும் திரியக்கூடும். மாட்சன், பெக்கர், தாமஸ் ஆகிய மூவர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளிலேயே சோதித்தது. விதிகளை அறிவித்ததால் மட்டும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழவில்லை. தவறுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் தனித்த நிலையில் உறுதியான பலன் தரவில்லை. நல்ல நடத்தையை உடனுக்குடன் பாராட்டுவதும் அவற்றோடு சேர்ந்தபோதுதான் குறும்பு கணிசமாகக் குறைந்தது. 2020-இல் வெளியான வேறோர் ஆய்வு, மூன்று அமெரிக்க மாநிலங்களின் 19 தொடக்கப் பள்ளிகளில் 2,536 மாணவர்களைக் கவனித்து, கண்டிப்போடு ஒப்பிடுகையில் பாராட்டின் பங்கு கூடக் கூட மாணவர்களின் கவனமும் சீராகக் கூடியதாகக் கண்டது. பாராட்டுக்குச் செலவு ஏதுமில்லை என்பதாலோ என்னவோ, பள்ளிகள் அதை ஒரு முறையாகவே எண்ணுவதில்லை.

பொருளாகத் தரப்படும் பரிசின் கதை இவ்வளவு எளியதன்று. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு அதே சான்றிதழ் எதிர்பாராமல் தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் தரப்படவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, பரிசு என்ற பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, பேரம் பேசப்பட்ட பிரிவினர் தங்கள் நேரத்தில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே வரைவதில் செலவிட்டனர். மற்ற இரு பிரிவினரோ 17, 18 விழுக்காடு அளவில் செலவிட்டனர். ஒரு செயலை அதன் பொருட்டே விரும்பிச் செய்யும் உள்ளார்ந்த ஊக்கத்தை, முன்னரே உறுதியளிக்கப்பட்ட பரிசு அரித்துவிடக்கூடும் என்னும் இம்முடிவு நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. 1999-இல் எட்வர்டு டெசியும் உடன் ஆய்வாளர்களும் 128 சோதனைகளைத் தொகுத்து இதை ஆதரித்தனர். ஜூடி கேமரூன் போன்றோர் இந்தத் தீங்கு மிகைப்படுத்தப்படுவதாக வாதிட்டனர். ஆர்வமே இல்லாத வேலைக்குப் பரிசு தருவதால் இழப்பு இல்லை என்பதில் இரு தரப்புக்கும் பெரிய பிணக்கு கிடையாது. எனவே வரிசையில் நிற்பதற்கும் மேசையைத் துடைப்பதற்கும் நட்சத்திரம் தரலாம். கதைப் புத்தகத்தைத் தானாகவே எடுத்துப் படிக்கும் குழந்தைக்குப் பக்கக் கணக்கில் நட்சத்திரம் தருவதுதான் வீண்வேலை.

பரிசு யாருக்கு என்னும் இரண்டாம் கேள்விக்கு மிகச் சுவையான விடை, 1969-இல் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் ஆகியோர் அமெரிக்காவில் 24 மாணவர்கள் கொண்ட ஒரு நான்காம் வகுப்பில் சோதித்துப் பார்த்த நன்னடத்தை ஆட்டமாகும். வகுப்பு இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. அனுமதியின்றி எழுந்தாலோ பேசினாலோ அந்தக் குழுவின் பெயரில் கரும்பலகையில் ஒரு குறி விழும். குறைந்த குறி பெற்ற குழு வெல்லும் என்றாலும், இரு குழுக்களும் ஐந்து குறிகளைத் தாண்டாவிட்டால் இரண்டுமே வென்றதாகக் கொள்ளப்படும். இந்தக் கடைசி விதியில்தான் ஆட்டத்தின் நுட்பம் இருக்கிறது, ஏனெனில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றாக வேண்டும் என்ற கட்டாயத்தை அது நீக்கிவிடுகிறது. கணித வகுப்பில் கண்காணிக்கப்பட்ட நேரப் பகுதிகளில், அனுமதியற்ற பேச்சு 96 விழுக்காட்டிலிருந்து 19 ஆகவும், இருக்கையை விட்டு எழுதல் 82 விழுக்காட்டிலிருந்து 9 ஆகவும் இறங்கின. ஆட்டத்தை நிறுத்தியதும் குறும்பு மீண்டது, தொடங்கியதும் மறுபடி குறைந்தது. எனினும் இரு மாணவர்களால் ஒரு குழுவுக்குத் தொடர்ந்து குறிகள் விழவே, ஆசிரியர் அவர்களைத் தனிக் குழுவாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. சிலருடைய குற்றத்துக்குப் பலர் இழப்பதைத் தவிர்க்க, கூட்டுப் பரிசு முறைக்கு இத்தகைய வடிகால் தேவைப்படுகிறது.

வென்றவர்களுக்குக் கிடைத்தவையும் கடைப் பொருள்கள் அல்ல. முதலில் உணவுக்கு வரிசையில் நிற்பது, நாளின் இறுதியில் விருப்பம்போல் எதையாவது செய்வது போன்ற சலுகைகளே. விரும்பிச் செய்யும் செயலையே, விருப்பமில்லாச் செயலுக்கு வலுவூட்டியாக்கலாம் என்பது டேவிட் பிரிமாக் வகுத்த கோட்பாடு. 1963-இல் ஹோமும் குழுவினரும் இதை மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தனர்: சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்தால், மணி அடித்ததும் ஓடவும் கத்தவும் அனுமதி. எந்தச் செயலை ஒழிக்க விரும்பினார்களோ, அதையே பரிசாக்கிவிட்ட துணிச்சல் பாராட்டத்தக்கது.

நன்னடத்தை ஆட்டத்தின் நீண்டகால விளைவை ஷெப்பர்டு கெல்லம் தலைமையிலான குழு பால்டிமோர் நகரில் ஆராய்ந்தது. 1985-86 கல்வியாண்டில் 19 பள்ளிகளின் முதல் வகுப்புகளில் தொடங்கிய அச்சோதனையில் பங்கேற்றவர்களை 19 முதல் 21 வயதில் மீண்டும் ஆராய்ந்தபோது, முதல் வகுப்பில் முரட்டுத்தனம் மிக்கிருந்த ஆண்களிடையே, ஆட்டம் ஆடியவர்களில் போதைப் பழக்கக் கோளாறு குறைவாக இருந்தது. ஆனால் இங்கிலாந்தின் 77 பள்ளிகளில் ஈராண்டு நடந்து 2018-இல் அறிக்கை வெளியான சோதனையில், வாசிப்புத் திறனில் எந்தப் பயனும் தென்படவில்லை. தொடக்கத்திலேயே நடத்தைச் சிக்கல் இருந்த சிறுவர்களிடம் சற்றே முன்னேற்றம் இருக்கலாம் என்ற அளவிலேயே அறிக்கை நின்றது. ஆசிரியர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவான தடவைகளே ஆட்டத்தை நடத்தினர் என்பதும், ஏறத்தாழ கால் பங்குப் பள்ளிகள் இடையிலேயே நிறுத்திவிட்டன என்பதும் அதே அறிக்கையில் பதிவாகியுள்ளன.