கோப்பு ஏன் திரும்பி வருகிறது?

படத்தொகுப்பு, ஒலிக்கலவை, நிறத்திருத்தம் எல்லாம் முடிந்த ஒரு படம், திரையரங்குக்கோ ஓடிடி தளத்துக்கோ திரைப்பட விழாவுக்கோ போய்ச் சேரும் முன் கடைசியாக ஒரு வாசலைக் கடக்க வேண்டும். அங்கே முதலில் நிற்பது மனிதர் இல்லை, ஒரு மென்பொருள். பல மணி நேரம் ஏற்றிய கோப்பை அது வாங்கிப் பார்த்துவிட்டு, ‘கோப்பு செல்லாது’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்ட நிலையில் இந்த வரியைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் உடனே செய்வது, படத்தை மறுபடி எக்ஸ்போர்ட் போடுவது. கேட்பதற்கு நியாயமாகத் தெரியும் இந்த முதல் அடிதான் பல நேரங்களில் சிக்கலைப் பெரிதாக்குகிறது. சரிபார்க்கும் மென்பொருளுக்குப் படத்தின் தரத்தைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அது மூன்றே கேள்விகளைக் கேட்கிறது. அனுப்பியது முழுதாக வந்து சேர்ந்ததா? கோப்பு தன்னைப் பற்றிச் சொல்வதும் அதற்குள் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா? பெறுபவர் கேட்டது இதுதானா? இந்த மூன்றில் எதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் சரிசெய்ய முடியாது. அதுவும் இதே வரிசையில் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி வந்த கோப்பின் ஒலி அளவை ஆராய்ந்து பயனில்லை.

திரையரங்குக்குப் போகும் டிசிபி என்ற டிஜிட்டல் பொதியை எடுத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். 2002ஆம் ஆண்டு ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து டிசிஐ என்ற அமைப்பைத் தொடங்கின. 2005 ஜூலையில் அது வெளியிட்ட விதிமுறைதான் டிசிபிக்கு அடித்தளம். சென்னையில் மாஸ்டரிங் ஆகும் தமிழ்ப்படமும் டிசிபியாக வெளியாக வேண்டுமென்றால் அந்த இலக்கணத்துக்குள் வந்தாக வேண்டும். பெயரைக் கேட்டால் ஒற்றைக் கோப்பு என்று தோன்றும். உண்மையில் அது ஒரு ஃபோல்டர். காட்சிக்கு ஒரு வகைக் கோப்பு, ஒலிக்கு ஒரு வகை. எந்தக் காட்சியும் எந்த ஒலியும் எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்வது சிபிஎல். எந்த அடையாள எண்ணுக்குரிய கோப்பு எந்தப் பெயரில், எங்கே இருக்கிறது என்று சொல்வது அசெட்மேப். ஒவ்வொரு கோப்பின் அடையாள எண், அளவு, ஹேஷ் ஆகியவற்றைத் தாங்கியிருப்பது பிகேஎல். கல்யாண வீட்டுக்குச் சீர்வரிசைத் தட்டுகளோடு ஒரு பட்டியலும் வருவதைப் போன்றது இந்தப் பிகேஎல். பட்டியலில் உள்ளது தட்டில் இல்லையென்றாலும், தட்டில் உள்ளது பட்டியலோடு பொருந்தவில்லையென்றாலும் கேள்வி எழும். திரையரங்கின் சர்வர் எழுப்புவதும் அதே கேள்விதான்.

முதல் கேள்விக்கு விடை தருவது ஹேஷ். கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு கணக்குக்குள் செலுத்திக் கடைசியில் கிடைக்கும் சுருக்கமான எண் அது. டிசிபியில் பயன்படும் ஷா-1 முறையில், கோப்பு 1 ஜிபி ஆனாலும் 200 ஜிபி ஆனாலும் விடை 160 பிட் நீளம்தான். ஆனால் கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இந்தக் கண்டிப்பு ஏன் தேவை என்பதை அளவுகளே சொல்கின்றன. டிசிஐ விதிப்படி காட்சித் தரவின் உச்ச வேகம் நொடிக்கு 250 மெகாபிட். அந்த உச்சத்திலேயே ஓடும் இரண்டரை மணி நேரப் படத்தின் காட்சி மட்டும் சுமார் 281 ஜிபி வரும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் தடையில்லாமல் ஏற்றினாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இணைப்பு அறுந்து மீளலாம். நகலெடுத்த ஹார்ட் டிஸ்கில் பழுது இருக்கலாம். ஆகவே ஹேஷ் பொருந்தவில்லை என்று பதில் வந்தால், முதலில் தன்னிடம் உள்ள மூலக் கோப்பின் ஹேஷைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அது பிகேஎல்லோடு பொருந்தினால் பழுது வழியில் நேர்ந்தது. அந்த ஒரு கோப்பை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். மூலமே பொருந்தவில்லை என்றால் பழுது வீட்டிலேயே இருக்கிறது. எத்தனை முறை ஏற்றினாலும் அதே பதில்தான் வரும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் தேவை. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்துக்குப் பெரிய கோப்புகள் பல துண்டுகளாகவே போகின்றன. அப்படிப் போன கோப்புக்கு வழக்கமாகக் காட்டப்படும் ஈடேக் என்ற குறி, எம்டி5 என்ற இன்னொரு முறையில் கணக்கிட்ட முழுக் கோப்பின் ஹேஷ் இல்லை. துண்டுகளின் ஹேஷ்களைச் சேர்த்து மறுபடி ஹேஷ் செய்து, இறுதியில் துண்டுகளின் எண்ணிக்கையை ஒட்டிய குறி. அதை வீட்டுக் கணினியின் எம்டி5 எண்ணோடு ஒப்பிட்டால் நல்ல கோப்பும் கெட்டதாகவே தோன்றும்.

இரண்டாவது கேள்வி கட்டமைப்பைப் பற்றியது. இங்கே பெரும்பாலான தவறுகள் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை. சிபிஎல் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு; நோட்பேடில் திறக்கும். படத்தலைப்பில் ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்த ஒருவர் அங்கேயே திருத்திச் சேமிக்கிறார். அந்தக் கணமே சிபிஎல்லின் ஹேஷ் மாறிவிடுகிறது, பிகேஎல்லில் பழைய எண்ணே இருக்கிறது, பொதி நிராகரிக்கப்படுகிறது. இன்னொருவர் புரியாத எண்களால் ஆன கோப்புப் பெயரை அழகாக மாற்றி வைக்கிறார். அசெட்மேப்பில் உள்ள பழைய பெயரைத் தேடிக் காணாத சர்வர், கோப்பே இல்லை என்கிறது. மூன்றாமவர் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் நகலெடுக்கிறார். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் நகல் பாதியில் நிற்கிறது. எம்பி4, எம்ஓவி கோப்புகளிலும் இதே கதை உண்டு. எந்த ஃபிரேம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை, ‘மூவ்’ எனப்படும் பகுதியில் இருக்கிறது. பல கருவிகள் அதைக் கடைசியில்தான் எழுதும். எக்ஸ்போர்ட் முடியும் தறுவாயில் மின்சாரம் போனால், அளவில் கிட்டத்தட்ட முழுமையாகத் தெரியும் கோப்பு மிஞ்சும். எந்தப் பிளேயரிலும் திறக்காது. இத்தகைய கோப்பின் பெயர் நீட்டிப்பை எம்ஓவியிலிருந்து எம்பி4 என்று மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பெயர் மாறும், உள்ளிருப்பது மாறாது.

மூன்றாவது கேள்விதான் வளமானது. தகராறுகளும் இங்கேதான் அதிகம். கோப்பு முழுதாக வந்தது, ஒழுங்காகவும் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் கேட்டது அதுவல்ல. டிசிபியில் காட்சியின் அளவு 2கே ஃபிளாட் என்றால் 1998-க்கு 1080 பிக்சல், ஸ்கோப் என்றால் 2048-க்கு 858. தொலைக்காட்சி வழக்கத்தில் 1920-க்கு 1080 என்று முடித்த படம் இந்த இரண்டிலும் அப்படியே உட்காராது. ஒலி 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இசை சிடியின் வழக்கமான 44.1 இங்கே செல்லாது. எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை தருவது ஃபிரேம் ரேட். நொடிக்கு 24 ஃபிரேம் என்பது சினிமா; 23.976 என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிச்சம். 1953இல் அங்கே வண்ண ஒளிபரப்புக்குத் தரம் வகுத்தபோது, 30 ஃபிரேமை 29.97 ஆகக் குறைத்தார்கள். அந்தக் கணக்குக்கு ஒத்துப்போகப் பிறந்ததுதான் 23.976. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 24-க்குத் தயாரான ஒலியை 23.976-இல் ஓடும் காட்சியோடு சேர்த்தால், ஐந்தாவது நிமிடத்தில் ஏழு ஃபிரேம் விலகி உதடும் வசனமும் பிரிந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்தின் முடிவில் விலகல் 9 நொடி. செல்பேசியில் எடுத்த காட்சிகளைச் சேர்க்கும் ஆவணப் படங்களில் சிக்கல் இன்னும் கூடும். பல செல்பேசிகள் நிலையான வேகத்தில் பதிவு செய்வதில்லை.

இதற்கு உடனே எழும் மறுப்பு, ‘என் கணினியில் நன்றாக ஓடுகிறதே’ என்பது. ஓடுவது உண்மைதான், ஆனால் அது கோப்புக்குக் கிடைத்த சான்றிதழ் ஆகாது. விஎல்சி போன்ற பிளேயர்கள் எதையாவது எப்படியாவது ஓட்டிக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டவை. அட்டவணையில் சிறு குறை இருந்தால் ஊகித்துக்கொள்ளும், ஃபிரேம் விடுபட்டால் தாண்டிப் போகும், நிறக்குறிப்பு இல்லையென்றால் வழக்கமான ஒன்றை வைத்துக்கொள்ளும். பார்ப்பவர் ஒருவர் என்றால் இந்தத் தாராளம் நல்லதுதான். ஓடிடி தளம் வாங்கும் மாஸ்டரிலிருந்தோ தொலைக்காட்சிக்கும் செல்பேசிக்கும் மெதுவான இணைப்புக்கும் எனப் பல பிரதிகள் தயாராகின்றன. மாஸ்டரில் உள்ள ஒரு ஊகம், பிரதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகத் தவறும். திரையரங்கின் சர்வருக்கும் முந்நூறு பேரை உட்காரவைத்துக்கொண்டு ஊகிக்கும் உரிமை கிடையாது.

இரண்டாவது மறுப்பு இதைவிட நடைமுறை சார்ந்தது: ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட மறுபடி எக்ஸ்போர்ட் போடுவதே விரைவு என்பார்கள். படத்தைத் தயாரித்த செட்டிங்கில்தான் தவறு என்று தெரிந்த பிறகு அது சரி. தெரிவதற்கு முன் செய்தால் மூன்று இழப்புகள். பழுது வழியில் நேர்ந்தது என்றால் செலவான நேரம் வீண். செட்டிங் தவறு என்றால் அதே தவறோடு புதுக் கோப்பு பிறக்கும். மூன்றாவதுதான் கனமானது. பூட்டுப் போட்ட டிசிபியைத் திறக்கும் கேடிஎம் சாவி, குறிப்பிட்ட சிபிஎல்லின் அடையாள எண்ணோடும், குறிப்பிட்ட திரையரங்க சர்வரோடும், குறிப்பிட்ட கால எல்லையோடும் கட்டப்பட்டது. டிசிபியைப் புதிதாகச் செய்தால் அடையாளம் மாறும். அதுவரை அனுப்பிய சாவிகள் அனைத்தும் பயனற்றுப் போகும். ‘படம் திறக்கவில்லை’ என்று திரையரங்கிலிருந்து வரும் அழைப்புக்குச் சாவியின் கால எல்லை இன்னும் தொடங்காததே காரணமாக இருக்கலாம். அதற்காகப் படத்தை மாற்றினால், ஓர் அரங்கின் சிறு சிக்கல் எல்லா அரங்குகளின் சிக்கலாகிவிடும்.

மூன்றாவது மறுப்பில் நியாயம் அதிகம். இந்த விதிகள் பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் வசதிக்கு எழுதியவை, சின்னப் படம் எடுப்பவர்களை வாட்டுகின்றன என்பது அது. விதிகளில் சில வெறும் வரலாற்று மிச்சங்கள் என்பதை 23.976 காட்டுகிறது. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூன் தொடரின் ஓர் அத்தியாயத்தில், சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பல ஒளிபரப்பாளர்களும் தளங்களும் இன்று இப்படி மின்னும் காட்சிகளைச் சோதிப்பது இத்தகைய அனுபவங்களால்தான். ஒலி அளவு விதியும் விளம்பரம் வரும்போது ரிமோட்டைத் தேடி ஓடிய பார்வையாளர்களின் புகாரிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை, எல்யுஎஃப்எஸ் என்ற ஒலி அளவீட்டில் மைனஸ் 23. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை அடிப்படையாக வைத்து அளந்து மைனஸ் 27 கேட்கிறது. ஒரே ஒலிக்கலவை ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் தவறு. செல்லாத கோப்பு என்று தனியாக எதுவும் இல்லை, குறிப்பிட்ட கேள்விக்குப் பொருந்தாத கோப்புதான் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அதே சமயம், சோதனையில் தேறுவதும் முழுச் சான்று ஆகாது. இயக்குநர் வேண்டுமென்றே வைத்த கறுப்பு ஃபிரேம்களைப் பிழை என்று சொல்லும் மென்பொருள், உண்மையான பிழையைக் கோட்டைவிடவும் கூடும். 5.1 ஒலியில் நடு ஸ்பீக்கருக்குரிய வசனம், சேனல் வரிசை தவறியதால் வலது ஸ்பீக்கருக்குப் போயிருந்தாலும், ஆறு சேனல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். முதல் வசனத்திலேயே மனிதக் காது அதைக் கண்டுபிடிக்கும். ஆகவே முதல் இரு கேள்விகளை மென்பொருளிடம் தயங்காமல் விடலாம். மூன்றாவதில் கடைசிச் சொல் மனிதருடையதாக இருக்க வேண்டும். கறுப்பு ஃபிரேம் படைப்பின் பகுதி என்று எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சேவை நடத்துபவர்களுக்கும் கடமை உண்டு. எந்தக் கோப்பு, எந்த விதி, எதிர்பார்த்த அளவு எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று சொல்லாமல் ‘செல்லாது’ என்று மட்டும் சொல்லும் அமைப்பு, தன் வேலையைப் பாதிதான் செய்கிறது.

சின்னப் படக்குழுவுக்கு இருக்கும் அனுகூலம், சோதிக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைப்பது. கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று மீடியாஇன்ஃபோவும் எஃப்எஃப்புரோபும் காட்டும். டிசிபியைச் செய்யவும் சரிபார்க்கவும் டிசிபி-ஓ-மேட்டிக் இருக்கிறது. ஓடிடி மாஸ்டருக்கான ஐஎம்எஃப் பொதியைச் சோதிக்க நெட்ஃபிளிக்ஸ் உருவாக்கிய ஃபோட்டான் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. வாசலில் கேட்கப்படும் கேள்விகளில் பலவற்றை அனுப்புவதற்கு முன்பே வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவற்றுள் மிக முக்கியமான, பெறுபவர் கேட்பது என்ன என்ற கேள்விக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஃபிரேம் ரேட்டை முதல் ஷாட்டுக்கு முன் கேமராவில் முடிவு செய்கிறார்கள்; ஒலியின் அளவுகோலைப் பதிவின்போதும் கலவையின்போதும் முடிவு செய்கிறார்கள். அப்படியிருக்க, பெறுபவரின் விதிமுறைத் தாளைக் கடைசி வாரத்தில் உதவி எடிட்டரின் கையில் திணிப்பது, முடிவெடுக்க முடியாதவரிடம் பொறுப்பை மட்டும் கொடுப்பதாகும். அந்தத் தாள் தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டு, ஒளிப்பதிவாளரும் ஒலிப்பதிவாளரும் படப்பிடிப்புக்கு முன் படித்துவிட வேண்டிய ஆவணம்.